வரவு

பக்கத்துக்கு ஒரு டாலர் பத்து சதம்.
லஷீனில், ஆற்றங்கரைக் கற்கிடங்குக்குப் பின்னால்
ஜன்னலில்லாத அறை.
நான், ஒரு ஹீட்டர், ஒரு கணினி,
முந்நூற்று நாற்பது வருடத்துப் பழங்கணக்கு.

எழுதியவன் மாத்யூரன் லெபூஷே.
ரூவான் பக்கத்து ஆள்.
அவனுடைய ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.
ஒரு துப்பாக்கிக்கு ஒரு தோலா, ஏழா என்று
அரை நாள் விழித்திருக்கிறேன்.

முதல் தாளின் ஓரத்தில், யாரும் கேட்காமலே,
வந்த காரணத்தை எழுதிவைத்திருக்கிறான்:
ஐந்து பேருக்குப் பிரித்தால்
ஏர் திரும்ப இடமில்லாத நிலம்.
உப்புக்கு வரி. உப்பு வாங்காவிட்டாலும் வரி.
அண்ணனுக்குக் கல்யாணம்.
கடவுளைப் பற்றி ஒரு வரி எழுதி
அடித்திருக்கிறான்.
விமானநிலையத்தில் என்னைக் கேட்டபோது
நானும் கடவுளைச் சொல்லவில்லை.

அவனுக்கு முன்னால் வந்தவர்களுக்கு
மிளகு வேண்டியிருந்தது.
நம் மிளகுதான். ரசத்தில் மிதந்து
இலையோரம் ஒதுங்குமே, அதுவே.
மேற்கே போனால் கிழக்கு வருமென்று
இந்த ஆற்றில் ஏறி
நுரைக்கும் பாறைகளில் முட்டி நின்றார்கள்.
ஊருக்குச் சீனா என்று பேர் விழுந்தது.
கேலிப் பேர். ஒட்டிக்கொண்டது.

மிளகு இல்லாத இடத்தில் பீவர் இருந்தது.
பாரிஸில் தொப்பியில்லாதவன் மனிதனில்லை;
அவர்கள் ஆற்றுப் பீவரையெல்லாம்
முன்பே தலையில் வைத்தாயிற்று.

பக்கம் நாற்பத்தொன்று. வாபனிக்வே.
அவள் பெயரை
மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதுகிறான்.
நான் ஒன்றாக்க வேண்டும்; அதற்குத் தனிக் காசில்லை.
ஒட்டாவா ஆற்றில் பத்து நாள் துடுப்புப் போட்டு
பன்னிரண்டு புதுத் தோல் கொண்டுவந்தாள்.
அவன் கண்ணோ
அவள் தோளில் கிடந்த பழைய போர்வையில்.

இரண்டு பனிக்காலம் உடுத்தது.
மயிர் உள்பக்கமாக, மேனி பட்டுப் பட்டு
முரடெல்லாம் உதிர்ந்து
வியர்வையும் கரடிக்கொழுப்பும் ஊறிப்
பதமாகிய தோல்.
தொப்பி செய்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.
புதியதைவிட விலை கூட.

ஓரத்தில் எழுதுகிறான்: அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன், அறையில் தனியாக.
பழைய துணிக்குப் பாத்திரம்!
மாம்பலத்தில் எங்கள் சந்தில்
கூடையை இறக்கிய எவர்சில்வர்க்காரியிடம்
இரண்டு பட்டுப்புடவையைப் போட்டுவிட்டு
ஒரு டிபன் கேரியருக்காக
அம்மா தொண்டை கிழியக் கத்துவாள்.
இங்கே கத்தவே இல்லை.
செம்புக் கொப்பரை ஒன்று, ஊசி இருபது,
மேலே ஒரு கை நீலமணி.
அவள் ஏமாந்தாள் என்று அவன் நினைத்தான்.
அவன் ஏமாந்தான் என்று அவள்
தன் படகுக்காரர்களிடம் சொல்லியிருப்பாள்.

ஜனவரியில் கையெழுத்து நடுங்குகிறது.
ஈறு வீங்கி, பல் ஆடுகிறது.
பிப்ரவரியில் ஒரு பதிவு:
வாபனிக்வேயின் ஆட்கள் தந்தது,
மரப்பட்டைக் கஷாயம், புகைபோட்ட விலாங்கு.
விலைக்கு நேரே ஒன்றுமில்லை.
மை தொட்டு எடுத்த ஒரு புள்ளி மட்டும்.

மேலாளர் ஜோஸ்லினிடம் கேட்டேன்.
"சுழி போடுங்கள்" என்றாள்.
போட்டேன்.

மறு வசந்தம். அதே கை, தெளிந்த எழுத்து.
கப்பல் வந்தது. கப்பலோடு அம்மையும் என்று கேள்வி.
ஒட்டாவா ஆற்றிலிருந்து படகு இல்லை.
வரவு: இல்லை.
விற்காத கொப்பரை: பதினாறு.
அல்லது பத்து. இல்லை, பதினாறுதான்.

நம் பாஷையில் வரவு என்றால் பணம்;
வருவதும் வரவுதான்.
செலவு என்றால்
பழைய தமிழில் புறப்பட்டுப் போவது.
இந்தக் கணினிக்கு
இரண்டும் வெறும் பத்திகள்.

ஆறு மணி. ஹீட்டரை அணைத்துவிட்டு
மறுபடி பிப்ரவரிக்குப் போனேன்.
அந்தச் சுழியை அழித்தேன்.
கட்டம் சிவப்பானது.
காலியாக விட முடியாது என்றது.
195ஆம் நம்பர் பஸ் போகிற சத்தம் கேட்டது.
அடுத்தது அரை மணி கழித்து.